அடுத்த ஆள்

பீரங்கியம்மாவின் குரல் நின்றுபோன பிறகுதான் அது எவ்வளவு பெரிய குரல் என்று தெருவுக்குத் தெரிந்தது. அதுவரை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து குழாய்த் தண்ணீர் மாதிரி ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் தனியாகக் கவனித்ததில்லை. கவனித்த ஒரே ஆள் எதிர் மாடித் தையல்காரம்மா. வெளிச்சத்துக்காகத்தான் மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பதாக அவள் சொல்லிக்கொள்வாள். வெளிச்சம் என்னவோ பின்பக்கத்து அறையில்தான் நன்றாக விழும். அதுவும் தெருவுக்குத் தெரியும்.

"காலர்ல மாவு ஒட்டியிருக்கு, தட்டிட்டுப் போங்க!"

"தக்காளி நசுங்கியிருந்தா திருப்பி அனுப்புவேன்னு அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டு வாங்க!"

"மாப்பிள்ளை எதிர்ல மூக்கை உறிஞ்சாதீங்க!"

அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று ஒரு பொழுது தங்கியதில்லை. போரில் பீரங்கிப் படையில் இருந்தவர் என்னவோ கணவர்தான். ஆனால் பட்டப்பெயர் நேராக மனைவிக்குப் போய்விட்டது. கணவருக்குக் கிடைத்த பெயர் கொட்டாவிக்காரர். மனைவி கத்துவதற்கு மூச்சை உள்ளே இழுக்கிறபோதே அந்த மனிதருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். கத்தி முடித்ததும் மூடிக்கொள்ளும். பார்த்தவர்களெல்லாம், பாவம், கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கொட்டாவி விடுகிறார் என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் தையல்காரம்மாவுக்கு அவர்மேல் வேறொரு பெருமூச்சும் இருந்தது. அவர் மனைவியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். சாப்பிடும்போது பார்ப்பார், துணி மடிக்கும்போது பார்ப்பார், படியிறங்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். தையல்காரம்மாவை அவள் புருஷன் நிமிர்ந்து பார்த்தது குழம்பில் உப்பு குறைந்த நாட்களில்தான். அவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று.

ஒரு மழைநாள் காலையில் பீரங்கியம்மா ஜன்னலில் நின்று, "வெங்காயம் ஈரமா இருந்தா..." என்று ஆரம்பித்தாள். அதோடு நின்றது. கீழே மளிகைக்கடைக்காரர் தலையை அண்ணாந்துகொண்டு, மூக்குக்கண்ணாடியில் மழை வழிய, மீதிக்காகக் காத்திருந்தார். மீதி வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்கு வலது கை தொங்கிப்போயிருந்தது. வலது கால் கூடவே இழுபட்டு வந்தது. பேச்சு போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிந்தது, திட்டுவதைக் கண் செய்தது. ஆனால் கண் எவ்வளவு தூரத்துக்குத் திட்டும்?

மகளும் மகனும் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, மாடிப்படியில் வைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். தையல்காரம்மா தற்செயலாக அந்தப் பக்கம் போனாள். அவள் போவதெல்லாம் தற்செயல்தான்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க," என்றாள் மகள். "நீங்கதான் தினம் பார்க்கிறீங்க."

தினம் பார்க்கிறாள் என்பதை இத்தனை மரியாதையாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

"அண்ணனுக்குக் காது மந்தம். அக்கா குரல் ஒண்ணுதான் அந்தக் காதுக்குள்ள போகும். இப்ப அதுவும் இல்ல. அக்கா குளியலறையில விழுந்தாங்கன்னா யாரு யாரைக் கூப்பிடறது? சொல்லு பார்ப்போம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றான் மகன். "என் வீட்டுல ஒரு அறைதான் இருக்கு. அவ வீட்டுலயும் ஒண்ணுதான். அம்மா அவகிட்ட இருக்கட்டும், அப்பா என்கிட்ட. ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வர்றேன்."

கீழ்ப்படியில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர், "கப்பு ஒரு வீட்டுக்கு, சாசர் ஒரு வீட்டுக்கா?" என்றார்.

"நீங்க மூட்டையைத் தூக்குங்க," என்றாள் தையல்காரம்மா.

ஆனால் அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்து ஒரே சட்டைக்கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள்.

அந்த வாரம் முழுக்க எதிர் ஜன்னலில் விசித்திரமாக ஏதோ நடந்தது. பீரங்கியம்மாவைச் சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார் கிழவர். அவள் இடது கையைத் தூக்குவாள், இறக்குவாள். அவர் அடுப்புக்கும் மேசைக்கும் நடப்பார், நிற்பார், தலையை ஆட்டுவார், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அடுப்பில் நெருப்பே இல்லை. வெறும் சட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சமையல் விளையாட்டு விளையாடினார்கள். தையல்காரம்மா இரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய தவம். மூன்றாம் நாள் ஒரு பாத்திரத்தில் சூப்பை எடுத்துக்கொண்டு படியேறினாள். சாக்குக்காக வைத்த சூப்பு என்பதால் உப்புகூடப் போடவில்லை.

கதவு திறந்தே இருந்தது. கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே!"

அசைவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். ஊஹும். தையல்காரம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு பாத்திரத்து மூடியைக் கை தவறின மாதிரி கீழே விட்டாள். அது தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, படுக்கிறவரைக்கும் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். கிழவரின் தோள்பட்டைகூட அசையவில்லை.

நாற்காலியிலிருந்த பீரங்கியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரலை நீட்டி வாசல் பக்கம் வெட்டினாள். ஊசியால் தைக்கிற மாதிரி ஒரு சைகை. அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். கிழவர் உடனே திரும்பினார்.

"வாம்மா. மூடி விழுந்துடுச்சாமே," என்றார். அவர் பேச்சு எப்போதுமே கிசுகிசுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். "முகத்தைக் காட்டிப் பேசு. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன்."

"அண்ணே, உங்களுக்குச் சுத்தமாவே கேட்காதா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஒற்றைத் தோளைக் குலுக்கினாள். சொல்லித் தொலை என்கிற மாதிரி.

"போர்லேர்ந்து திரும்பி வந்ததிலிருந்தே இல்லம்மா."

"அப்ப அக்கா இத்தனை வருஷமா கத்தினது?"

"அது உங்களுக்கு."

தையல்காரம்மா சூப்புப் பாத்திரத்தோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திரும்பி வந்து நான் வேலைக்குச் சேர்ந்த பேக்கரியில செவிட்டு ஆளை யாரு அடுப்புகிட்ட வைப்பாங்க? மாவு பிசையற மெஷின் ஓடிட்டே இருக்கும். இவ அங்கே முன்பக்கம் விற்பனைக்கு நின்னா. நடுவுல ஒரு சின்ன ஜன்னல். நான் இவ முகத்தையே பார்க்கறேன்னு ஒருநாள் அறையறதுக்கே வந்துட்டா. அப்புறம் என்ன தோணிச்சோ, எனக்குப் பின்னாடி ஒரு தட்டைப் போட்டு உடைச்சுப் பார்த்தா. இப்ப நீ பண்ணின மாதிரிதான்."

"கை தவறிடுச்சு அண்ணே."

"இவளும் அப்படித்தான் சொன்னா. மறுநாளிலிருந்து அந்த ஜன்னல்ல வாயால ஒரு கத்து, கையால ஒரு சைகை. கத்தறது முதலாளிக்கு, சைகை எனக்கு. 'பரவாயில்ல, இவனுக்குக் கொஞ்சம் காது இருக்கு'ன்னு அவரும் விட்டுட்டார். அப்படியே பழகிடுச்சு. என்னை யாரும் செவிடன்னு சொல்லிடக் கூடாதுன்னு வீட்டுலயும் கத்தினா. தொண்டையில புண்ணு வந்தப்பகூடக் கத்தினா. பசங்களும் வெளியில மூச்சு விட்டதில்ல."

அந்தக் குரலைப் பற்றித் தெருவில் தான் சொன்ன நகைச்சுவைகளெல்லாம் தையல்காரம்மாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. வரிசை நீளமாக இருந்தது. இந்த ஜன்னலை அவள் பார்த்த பார்வைக்குக் கண்ணாடி தேய்ந்திருக்க வேண்டும். கையையும் பார்த்தவள்தான். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற பொம்பளை என்று விட்டுவிட்டாள்.

"அந்தச் சைகையெல்லாம்?"

"படையில கத்துக்கிட்டது. பீரங்கிகிட்டப் பேச்செல்லாம் ஆகாதும்மா. ஒருத்தன் குண்டைத் தூக்கிக் கொடுப்பான், ஒருத்தன் உள்ளே தள்ளுவான், ஒருத்தன் பின்கதவை மூடுவான், ஒருத்தன் கயித்தை இழுத்துச் சுடுவான். தலைவன் கையைத் தூக்கினா மூச்சை நிறுத்தணும். கை இறங்கினா இழுக்கணும். எல்லாரும் அந்த ஒரு கையையேதான் பார்த்துட்டிருப்போம்."

"அக்கா முகத்தைப் பார்க்கிற மாதிரி."

"ஆமாம்," என்றார் கிழவர். "அந்த ஆள் இவ்வளவு அழகில்ல."

பீரங்கியம்மா கண்ணாலேயே அவரை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீங்களா விரும்பித்தான் சேர்ந்தீங்கன்னு அக்கா சொல்லுவாங்க. நாட்டுப் பற்றா அண்ணே?"

"மாவுக்கு நின்ன வரிசைன்னு நினைச்சேன். போர் வந்ததும் நான் அப்ப வேலை பார்த்த பேக்கரியை மாவு கிடைக்காம மூடிட்டாங்க. பள்ளிக்கூடத்து வாசல்ல பெரிய வரிசை. கையில பையோட போய் நின்னுட்டேன். உள்ளே போனா, பேரைக் கேட்டாங்க, நெஞ்சளவு எடுத்தாங்க. அப்பதான் புரிஞ்சுது."

"வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னாடி நின்னவன், முடிவெட்டறவன், கையெழுத்துப் போட்டுட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சான். ரொம்ப நேரமா பேசிக்கிட்டே நின்னிருந்தோம். அவனை எப்படித் தனியா விட்டுட்டு வர்றது? பையை மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மனைவியின் தொங்கிய கையை எடுத்து அவள் மடியில் சரியாக வைத்தார். வெளியே தூறல் ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது.

"சரி, இப்ப வெறும் சட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"ஆள் குறைஞ்ச பயிற்சி."

"அப்படீன்னா?"

"பயிற்சி நடுவுல தலைவன் திடீர்னு ஒருத்தனைக் காட்டி, 'நீ விழுந்துட்டே'ன்னுவான். அவன் படுத்துடணும். அடுத்த ஆள் அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்கணும். அப்புறம் இன்னொருத்தனை விழச் சொல்லுவான். கடைசியில ரெண்டு பேர் மிச்சம் இருப்போம். அப்பவும் பீரங்கி நிக்கக் கூடாது. படுத்தவனுங்க புல்லு மேல கிடந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பானுங்க. விழுறதுக்குப் போட்டி போடுவோம், படுத்துக்கலாமேன்னு." நிறுத்தினார். "அப்புறம் ஒரு ஆத்தங்கரையில நிஜமாவே நடந்துது. யாரும் சிரிக்கலை. நானும் அந்த முடிவெட்டறவனும்தான் மிச்சம். வேற ஆளுங்க வந்து எங்க கையைப் பிடிச்சு விலக்குற வரைக்கும் நிறுத்தலை. கை தானா வேலை செஞ்சுது. அதுக்குத்தான் அந்தப் பயிற்சின்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"யாரை அண்ணே சுட்டீங்க?"

"பார்த்ததே இல்லம்மா. மலைக்கு அந்தப் பக்கம் போய் விழும். எங்கே விழுது, யார் மேல விழுதுன்னு ஒருநாளும் பார்த்ததில்ல." அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லை. "நல்லதுதான் பார்க்காதது. அப்படின்னும் சொல்ல முடியலை."

  தையல்காரம்மா கீழே கிடந்த மூடியை எடுத்துச் சத்தமில்லாமல் பாத்திரத்தை மூடினாள்.

"இப்ப இவ வலது கை விழுந்துடுச்சு," என்றார் கிழவர். "சைகையெல்லாம் அந்தக் கைதான். இனிமே இடது கை எடுத்துக்கணும். எனக்கும் எல்லாம் இடம் வலமா மாறிப்போச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள கத்துக்கணும். இல்லேன்னா..." மனைவியைப் பார்த்தார். 

பீரங்கியம்மா இடது கையைத் தூக்கினாள். கிழவர் எழுந்து வெறும் சட்டியருகே போனார். அந்த மகளிடம் தானே வாயைக் கொடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவந்ததை எண்ணியபடியே தையல்காரம்மா படியிறங்கினாள். சூப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள் என்பதே தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. தெருவை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. மகன் இரண்டு பைகளோடும், மகள் தாய்க்குப் போர்த்திக் கூட்டிப்போகக் கம்பளியோடும் மேலே ஏறினார்கள். கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்க, கூப்பிடாமலே தையல்காரம்மாவும் ஏறினாள்.

"டீ குடிச்சுட்டுப் போகலாம்," என்றார் கிழவர்.

"நான் போடறேம்ப்பா," என்று மகள் எழுந்தாள். தையல்காரம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "உட்காரு. பேசாம பாரு."

பீரங்கியம்மாவின் இடது கை உயர்ந்தது.

கிழவர் அடுப்பைப் பற்றவைத்தார். கை பக்கவாட்டில் வெட்டியது, பால் ஏறியது. விரல்கள் குவிந்தன, முட்டைகள் தண்ணீரில் இறங்கின. ரொட்டியை அவள் எதிரில் வைத்தார். அவள் இடது கையால் தன் செத்த வலது கையைத் தூக்கி, ரொட்டியின்மேல் பாரமாக வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் கத்தியைப் போட்டார். துண்டுகள் ஒரே கனத்தில் சரிந்து விழுந்தன. அந்தக் கைக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் பால் பொங்கி விளிம்புக்கு வந்தது. மகன் பாதி எழுந்துவிட்டான். பீரங்கியம்மா ஊன்றுகோலால் மரத்தரையை ஒரே குத்து குத்தினாள். கிழவர் பார்க்கவில்லை, பாதத்தில் வாங்கிக்கொண்டார். கை மட்டும் பின்னால் போய் அடுப்பை அணைத்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

டீ வந்தது. யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதுகூடச் சரியாக இருந்தது. ஒரு குரல் இல்லை, ஒரு மோதல் இல்லை. தையல்காரம்மா எத்தனையோ கல்யாணப் புடவைகளுக்கு ஓரம் அடித்தவள். இப்படி மடிப்புத் தெரியாத தையலை அவள் கண்டதில்லை.

"டீ சரிப்பா," என்றாள் மகள்.  முகத்தை அவர் பக்கம் திருப்பிச் சொன்னாள். "நீங்க தூங்கிட்டிருக்கும்போது அம்மா விழுந்தா? அப்ப கையையா பார்ப்பீங்க?"

கிழவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கயிற்றை எடுத்தார். கைபட்டுக் கைபட்டுக் கறுத்த மெல்லிய கயிறு. இரண்டு முனையிலும் வளையம்.

"இது உனக்குத் தெரியாது. உன் காலுக்குத் தெரியும்."

"என்னது?"

"ராத்திரியெல்லாம் நான் ரொட்டி சுட்டுட்டு வருவேன். காலையில உங்கம்மா கடைக்குப் போயிடுவா. உன்னைப் பக்கத்துல போட்டுக்கிட்டு நான் தூங்கணும். நீ அழுதா எனக்கெப்படித் தெரியும்? ஒரு முனை உன் கால்ல, ஒரு முனை என் மணிக்கட்டுல. நீ உதைச்சா எழுந்துக்குவேன். பசிச்சா ஒரு மாதிரி உதைப்பே, ஈரமா இருந்தா வேற மாதிரி. அப்புறம் உன் தம்பி. இவன் சும்மாவே உதைப்பான்." கயிற்றை நீவினார். "படையில கயித்தை நான் இழுத்தேன். வீட்டுல எல்லாருமா என்னை இழுத்தீங்க."

மகள் தன் கணுக்காலைக் குனிந்து பார்த்தாள், அங்கே அடையாளம் இருக்கும் என்பதுபோல.

"படுங்க, பார்க்கலாம்," என்றான் மகன். விட்டுக்கொடுக்க மனமில்லாதவன் குரல்.

கிழவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணை மூடினார். அவர் மணிக்கட்டில் மாட்டிய கயிறு, கொடிக்கயிறு ஒன்றோடு முடிந்து நீண்டு, வாசற்படியைத் தாண்டிக் குளியலறைக்குப் போயிற்று. தாயை மகள் தாங்கிப்போய் அங்கே உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் போனது. கிழவர் நிஜமாகவே தூங்கிவிட்டார், மூச்சு சீரானது. மகன் தலையசைத்தான். பீரங்கியம்மா கயிற்றைச் சுண்டினாள்.

மகன் திரும்பிப் பார்க்கிறதற்குள் கட்டில் காலியாக இருந்தது. கிழவர் குளியலறை வாசலில் நின்றார், இரண்டு கையும் முன்னால் நீட்டி, வாயை அகலமாகத் திறந்துகொண்டு.

அந்தக் கொட்டாவி.

எல்லோரும் பார்ப்பதைப் பார்த்துச் சட்டென்று மூடிக்கொண்டார். வெட்கப்பட்டார். "கயிறு இழுபட்டா வாயைத் திறந்துடணும். இல்லேன்னா சத்தம் காதைக் கிழிச்சுடும். முதல் பாடமே அதான். இவ கத்தப்போறப்பவும் வந்துடும். மூச்சிழுக்கறது தெரியுமில்ல."

"அப்படியும் கிழிஞ்சுபோச்சேப்பா," என்றாள் மகள்.

"அந்த ஆத்தங்கரையில திறக்கலை," என்றார் அவர். "அன்னைக்கு முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். கேட்கிறவர்களும் கேட்காதவர்போலவே இருந்தார்கள். பிறகு மகள் கம்பளியை மடித்து அலமாரியில் வைத்தாள். மகன் மூக்கைச் சிந்திக்கொண்டு, "வாரா வாரம் வந்து பார்ப்பேன். ஏதாவது ஆச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்," என்றான்.

பீரங்கியம்மா இடது கையால் ஒரு சைகை செய்தாள்.

"அம்மா என்னப்பா சொல்றாங்க?"

"அதை வாயால சொல்ல முடியாது," என்றார் கிழவர். "அதுவும் படையில கத்துக்கிட்டதுதான்."

பீரங்கியம்மா சிரித்தாள். சத்தமில்லாமல், ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்க.

தையல்காரம்மா கிளம்பியபோது கிழவர் படிவரை வந்தார். ஒரு படி இறங்கி நின்று, மனைவி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு கேட்கணும்மா. பசங்ககிட்டக் கேட்க ஒரு மாதிரியா இருக்கு. இவ குரல் எப்படி இருக்கும்?"

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல அவளிடம் எத்தனையோ இருந்தன. கிழிந்த தகரம், பஞ்சரான லாரி, இன்னும் என்னென்னவோ. எல்லாம் தெருவே சிரித்தவை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

"பீரங்கி மாதிரிதான் அண்ணே," என்றாள்.

அவர் அதை நிதானமாக வாங்கிக்கொண்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப ரொம்பத் தூரம் போயிருக்கும்," என்றார். "எங்கே போய் விழுந்துதுன்னு நான்தான் பார்க்கலை."

தையல்காரம்மா படியிறங்கி, தெருவைக் கடந்து, தன் படியேறி, மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் மிதிக்கவில்லை.

மறுநாள் காலை மளிகைக்கடைக்காரர் கூடையோடு தெருவில் நின்று, பழக்கதோஷத்தில் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டு, ஞாபகம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் போனார்.

ஜன்னலில் பீரங்கியம்மா வந்து நின்றாள். பக்கத்தில் கிழவர் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவள் இடது கையை வெளியே நீட்டினாள். விரல்களை உருண்டையாகக் குவித்தாள், ஈரம் சொட்டுகிற மாதிரி உதறினாள், பிறகு கட்டைவிரலால் கூடையைத் தெருக்கோடிக்கே துரத்தினாள். கடைக்காரர் பார்க்கவில்லை. போய்க்கொண்டே இருந்தார்.

எதிர் மாடியில் தையல்காரம்மா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, அவள் தன் வாழ்நாளில் இழுக்காத மூச்சை உள்ளே இழுத்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம், கிழவர் அதைக் கண்டார். வாயைத் திறந்துகொண்டார்.

"வெங்காயம் ஈரமா இருந்தா திருப்பி அனுப்புவேன்!"